கழுவி வைத்த தொட்டி

செப்டம்பர் 8, திங்கள்

பேரிங் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இதுவரை பால் கணக்குகூட எழுதவில்லை. இன்று முதல் ஸ்பார்க் மெஷின் செட்டிங்கை எழுதுவதற்காக எடுத்திருக்கிறேன். வேறு கதை எதையும் இதில் எழுதுவதாக இல்லை.

வேலை இதுதான். பிளாஸ்டிக் நாசில் வார்க்கும் மோல்டுக்கு ஓர் உள்துண்டு. சூடேற்றிக் கடினமாக்கிய டி2 ஸ்டீல். டிரில் போட்டால் டிரில்தான் தேயும். அதனால் ஸ்பார்க் மெஷின். எண்ணெய்த் தொட்டிக்குள் ஸ்டீலை முக்கி வைத்து, செம்பு எலக்ட்ரோடை அதன் மேல் மயிரிழை இடைவெளிக்கு இறக்கினால், நடுவில் பொறி பறந்து ஸ்டீலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். எலக்ட்ரோடு என்ன வடிவமோ அதே வடிவத்தில் பள்ளம் விழும். கல்யாணமாகி இந்த ஷெட்டுக்குள் கால் வைத்ததிலிருந்து நான் பார்க்கும் வேலை.

சிக்கல் பள்ளத்தின் தரையில் இருக்கிறது. பொறி அரித்த இடம் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். பிறகு கல் வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவோம். இந்தத் துண்டில் பள்ளங்கள் அத்தனை ஒடுக்கம், கல் உள்ளே போகாது. மெஷினை விட்டு எடுக்கும்போதே வழவழப்பாக இருக்க வேண்டும், வெடிப்பும் கூடாது. வேலை கொடுத்த கம்பெனியின் குவாலிட்டி மேனேஜர் பெனடிக்ட் சார் ஒரு மாதிரித் தகட்டைக் கொடுத்திருக்கிறார்.

"நகத்தால கீறிப் பாருங்க மேடம். இந்த வழவழப்பு வந்துட்டா மொத்த மோல்டு வேலையும் உங்களுக்குத்தான். தீபாவளிக்குள்ள காட்டுங்க."

வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுதிவிடுகிறேன். மெஷின் போய்விடும். அவினாசிக்காரர் ஒருவர் வந்து பார்த்து, தட்டிப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கூட்டி வந்தவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர் திருமூர்த்திதான். ஓசூரில் ஒரு கம்பெனி டூல்ரூமில் அவருக்கு வேலை தருகிறார்களாம்.

"ஆயுத பூஜை வரைக்கும் பாரு. வந்துச்சுன்னா மெஷின் இருக்கட்டும். வரலீன்னா இதையக் குடுத்துப்போட்டு நான் ஓசூருக்குக் கெளம்பறேன்" என்றார்.

அவர் என்னிடம் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு அது. நானும் பேசவில்லை. எனக்கென்ன வந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

கரண்டைக் குறைத்தேன். வழவழப்பு கொஞ்சம் வந்தது, ஆனால் மெஷின் கொக்கு மாதிரி கொத்துகிறது, இறங்க மாட்டேன் என்கிறது. கரண்டைக் கூட்டினேன். விறுவிறுவென்று இறங்கியது, தரை அம்மை போட்ட முகமாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வைத்தேன். இரண்டு கெடுதலும் சேர்ந்து வந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

ஆன் டைம் என்றால் ஒரு பொறி எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பது. ஆஃப் டைம் என்றால் அடுத்த பொறிக்கு முன் எவ்வளவு நேரம் ஓய்வு என்பது. இந்த இரண்டையும் நாள் முழுக்கத் திருகினேன். கண்ட பலன் பூஜ்யம்.

இதற்கு நடுவில் கரித்தூள் தொல்லை. அவருக்கு எங்கிருந்தோ கிராஃபைட் எலக்ட்ரோடு செய்யும் வேலை வந்திருக்கிறது. தன் மில்லிங் மெஷினில் அதைப் போட்டு அறுக்கிறார். ஷெட் முழுக்கக் கறுப்பு மாவு. என் மெஷின் மேல் விரல் வைத்தால் ரேகை விழுகிறது.

சாயங்காலம் மகள் யாழினி காலேஜிலிருந்து வந்ததும் அவளிடம், அவர் காதில் விழும்படி சொன்னேன். "உங்கொப்பாகிட்டச் சொல்லு. என்ற மெஷின் மேலெல்லாம் கரி பறக்குதுன்னு."

அவர் தலையை நிமிர்த்தாமல், "இனிமே பறக்காதுன்னு சொல்லிரு சாமி" என்றார்.

"எனக்கு என்ன தபால்காரி வேலையா? ரெண்டு பேரும் மூணடி தூரத்துல நிக்கறீங்க" என்று அவள் கத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் வீடு ஷெட்டுக்குப் பின்னால்தான், ஆனாலும் அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிப் போனாள்.

செப்டம்பர் 15, திங்கள்

கரி பறப்பது நின்றுவிட்டது. என்ன செய்தாரோ. கேட்கவில்லை.

பீளமேட்டு சி.என்.சி. கடையிலிருந்து, கம்ப்யூட்டர் மெஷினில் வெட்டிய புது செம்பு எலக்ட்ரோடு வந்தது. மூலையெல்லாம் கத்தி மாதிரி இருக்கிறது. இரண்டு மாதமாக அங்கேதான் கொடுக்கிறேன். அதற்கு முன்பெல்லாம் என் எலக்ட்ரோடு அவர்தான் செய்வார். இப்போது கண்ணாடி போடாமல் வேலை செய்கிறார், அளவு தள்ளிப் போகிறது, மூலை மழுங்குகிறது. சொன்னால் கோபம் வரும். அதனால் சொல்லாமலே வெளியில் கொடுத்துவிட்டேன்.

முதல் பார்சல் வந்த அன்று நான் பேங்குக்குப் போயிருந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தது அவர்தான். பிரித்துப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு மறுபடி டேப் ஒட்டி என் மேஜைமேல் வைத்திருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதவரை நல்லது என்று நானும் விட்டுவிட்டேன்.

அவினாசிக்காரர் வந்தது அதற்கு அடுத்த வாரம். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் கறி கிடையாது. யாழினி இதற்கும் என்னைத்தான் முறைக்கிறாள்.

பெனடிக்ட் சாருக்குப் போன் செய்து புலம்பினேன். அவர் ஒரு வழி சொன்னார். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆயுசு போதாதாம். கரண்ட், ஆன் டைம், ஆஃப் டைம் மூன்றுக்கும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று மூன்று அளவு வைத்து, கலந்து கட்டி ஒன்பது ட்ரையல். ஒன்பதையும் போட்டு முடித்தால் எது உதவுகிறது, எது கெடுக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்குமாம். வாட்ஸாப்பில் கட்டம் போட்டு அனுப்பினார்.

டிப்ளமோ படிக்கும்போது இதைப் படித்த மாதிரியும் இருக்கிறது, படிக்காத மாதிரியும் இருக்கிறது.

செப்டம்பர் 18, வியாழன்

முதல் ட்ரையல் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பாம். பேப்பரில் போட்டிருந்தார்களாம். என்ன கெரகமோ.

செப்டம்பர் 20, சனி

இரண்டு ட்ரையல் முடிந்தது. இரண்டும் மட்டம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

நான்காவது பரவாயில்லை. ஐந்தாவது அதைவிடப் பரவாயில்லை. அட.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்று எட்டாவது ட்ரையல்.

தொட்டியிலிருந்து தகட்டை எடுத்தபோதே தெரிந்துவிட்டது. துணியால் துடைத்தேன். டியூப்லைட் வெளிச்சம் அதில் ஒரு கோடாகத் தெரிந்தது. பெனடிக்ட் சாரின் தகட்டையும் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் கீறினேன். எது எது என்று எனக்கே தெரியவில்லை. கூச்சலே போட்டுவிட்டேன். தகட்டைத் தொட்டி ஓரத்திலேயே வைத்துப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். எல்லோருக்கும் என்றால் யாழினிக்கும் பெனடிக்ட் சாருக்கும்.

என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். நானாகப் போய்க் காட்டவில்லை. "வந்துருச்சு" என்று மெஷினைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். பிறகு வேண்டுமென்றே டீ வாங்க வெளியே போனேன். திரும்பி வந்து பார்த்தால் தகட்டின் மேல் பெரிய கட்டைவிரல் ரேகை. அவரும் கீறிப் பார்த்திருக்கிறார்.

கறுப்புக் கை. ஆனால் கோபம் வரவில்லை.

செப்டம்பர் 27, சனி

ஒன்பதாவதும் நன்றாக வந்தது. கட்டத்தைப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆன் டைமைக் குறைத்து, ஆஃப் டைமை நீட்டி வைத்தால் தரை வழவழப்பாகிறது. சந்தேகமே இல்லை. நிஜத் துண்டை ஆயுத பூஜை முடிந்ததும் போடுகிறேன் என்று பெனடிக்ட் சாரிடம் சொல்லிவிட்டேன்.

மெஷின் எங்கேயும் போகாது. அவினாசிக்காரர் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை.

நேற்று முழுக்க நான் வீட்டில் பொரி, கடலை, சுண்டல் என்று நின்றுவிட்டேன். ஷெட் பக்கம் போகவே இல்லை. இன்று காலையில் போனால் வேறு இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று இருந்தது. தரையை அலசி விட்டிருக்கிறார். வாசலில் வாழைக்கன்று. என் மெஷினின் பெயின்ட் நிறம் பச்சை என்பதே எனக்கு மறந்து போயிருந்தது, அப்படித் துடைத்து வைத்திருக்கிறார். தொட்டியை உள்ளே இறங்கிக் கழுவி, ஃபில்டர் மாற்றி, புது ஆயில் ஊற்றியிருக்கிறார். ஆயில் தண்ணீர் மாதிரி இருந்தது. அடித் தட்டில் விழுந்து கிடக்கும் ஊசிகூடத் தெரியும் போல. தன் மில்லிங் மெஷினுக்கு வெறும் ஒரு பொட்டு. என்னுடையதற்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கற்பூரப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

கற்பூரத் தட்டை மெஷின் பக்கம் கொண்டுபோனேன். "ஏம்புள்ள, அங்கயே நில்லு. புது ஆயிலு, பத்திக்கும்" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு. யாழினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பொரியை வாயில் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "ஓசூர்க்காரங்க போன் போட்டாங்க. திங்கக்கெழம வந்து சேரச் சொல்றாங்க. என்ன சொல்லட்டும்?"

"பொறுங்க. நிஜ பீஸ் ஒண்ணைப் போட்டு எடுத்துடறேன். அப்புறம் சொல்லலாம்" என்றேன்.

"சரி, பீஸைப் பாத்துட்டே சொல்லு" என்றார்.

எல்லாம் நல்லபடியாக முடியும் என்று தோன்றுகிறது.

அக்டோபர் 3, வெள்ளி

வரவில்லை.

எட்டாவது ட்ரையலின் அதே செட்டிங். அதே எலக்ட்ரோடு. அதே ஸ்டீல். நகத்தை வைத்தால் கரகரவென்கிறது. ஒருவேளை செட்டிங்கைத் தப்பாகத் திருகினேனோ என்று மறுபடி போட்டேன். மறுபடியும் கரகர. மெஷினை எட்டி உதைத்தேன். என் கால்தான் வலிக்கிறது. மாலை கழன்று விழுந்தது.

அக்டோபர் 4, சனி

இன்று நடந்ததை எழுத இஷ்டமில்லை. எழுதாவிட்டால் அடங்காது போலிருக்கிறது.

மூன்றாவது முறையும் வரவில்லை. நேராகப் போய் அவரைக் கேட்டேன். "என்ற மெஷின்ல என்னத்தப் பண்ணிப்போட்டீங்க?"

"தொடைச்சேன். தொட்டியக் கழுவுனேன். புது ஆயில் ஊத்துனேன். நீயே பாத்தீல்ல?"

"அதையக் கேக்கலீங்க. செட்டிங்குல கையி வெச்சீங்களா?"

"நான் எதுக்குப் புள்ள வெக்கறேன்?"

"மெஷின் போகோணும்னு நெனைக்கறவரு நீங்கதான?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் கையில் இருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் குறையும்.

"கலாமணி, அன்னைக்குப் பெனடிக்ட் சாருகிட்டப் போன்ல என்ன சொன்ன? 'எங்க வீட்டுக்காரரு பண்றது அளவுக்கு வர்றதில்லீங்க சார், அதனால வெளிய குடுத்துட்டனுங்க'ன்னு சொன்னியா இல்லியா? நான் லேத்துக்குப் பின்னாலதான் நின்னுட்டிருந்தேன்."

நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா கண்ணாடி போட்டிருப்பேன். பார்சல்காரன் வந்து சொல்ல வேண்டியதில்ல" என்றார்.

உடனே ஓசூருக்குப் போன் போட்டு, திங்கள்கிழமை வருகிறேன் என்று என் எதிரிலேயே சொன்னார். நானும் வீம்புக்கு, "போறவங்க போகட்டும். நான் மெஷினைக் குடுக்க மாட்டேன்" என்றேன்.

"நீ குடுக்க வேண்டாம். நீயே வெச்சுக்க" என்றார்.

உண்மையில் போன் பேசியது தப்பில்லை. சாருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. இவர் அங்கே நின்றது எனக்கெப்படித் தெரியும்?

அக்டோபர் 5, ஞாயிறு

காந்திபுரத்தில் மத்தியானப் பஸ் ஏறிவிட்டார். யாழினிதான் கூடப் போனாள். நான் ஷெட்டில் இருந்தேன். ட்ரையல் எதுவும் போடவில்லை.

கண்ணாடியை எடுத்துக்கொண்டாரா என்று யாழினியைக் கேட்டேன். "நீயே போன் பண்ணிக் கேளு" என்றாள்.

அக்டோபர் 6, திங்கள்

அவர் மேஜையை ஒழித்து வைக்கலாம் என்று போனேன். அறுக்காத கிராஃபைட் கட்டிகள் இரண்டு மூன்று, கை பட்டால் பிசுபிசுவென்று எண்ணெய். காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த யாழினியைக் கூப்பிட்டு, இதென்ன இப்படி எண்ணெயில் குளித்திருக்கிறது என்றேன்.

"நீதானம்மா கரி பறக்குதுன்ன? எண்ணெயில ஊற வெச்சு அறுத்தா பறக்காதாம். தெனமும் நீ வீட்டுக்குப் போனதுக்கப்புறம் உன்ற தொட்டியிலதான் ஊறப் போடுவாரு. அறுத்து முடிச்சதையும் அதுலயேதான் அலசுவாரு. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. எங்களுக்குள் பேச்சு இல்லை.

அவள் போன பிறகு போனை எடுத்து எட்டாவது ட்ரையல் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தகட்டைத்தான் எல்லோரும் பார்த்தோம். பின்னால் தொட்டி தெரிகிறது. ஆயில் கறுப்பாக, கடுங்காப்பி மாதிரி இருக்கிறது.

பழைய ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும் என்று இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை. நாளுக்கு நாள் ஆயிலில் கரித்தூள் ஏறியிருக்கிறது. பழைய ஃபில்டர் கிழிசல், அது எதையும் பிடிக்கவில்லை. தூள் ஏற ஏற தரை வழவழப்பாகியிருக்கிறது. ஒன்று, இரண்டு மட்டம். நான்கு, ஐந்து பரவாயில்லை. எட்டு, ஒன்பது அருமை. நான் பெரிய கெட்டிக்காரி மாதிரிக் கட்டம் போட்டு, ஆன் டைமால் வந்தது என்று அர்த்தம் கண்டுபிடித்திருக்கிறேன். ஆன் டைமாவது மண்ணாங்கட்டியாவது.

பெனடிக்ட் சாரைக் கேட்டேன். "இருக்கலாம் மேடம். ஆயில்ல மாவு கலந்தா பொறி ஒரே எடத்துல குத்தாம பரவலா விழும்னு படிச்சிருக்கேன். ஆனா ட்ரையலை வரிசையா போட்டீங்களா? வரிசையை மாத்திக் கலைச்சுப் போடச் சொன்னேனே? அப்படிப் போட்டிருந்தா, நாளாக ஆக மாறினது வேற ஏதோன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும்."

சொன்னாரா? வாட்ஸாப்பில் கட்டத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது. நான் அதைப் படிக்கவில்லை.

எனக்குப் பிடித்த மாதிரி இருக்கட்டும் என்றுதான் தொட்டியைக் கழுவி வைத்தார். அந்தத் தொட்டியை வைத்துத்தான் அவரிடம் அப்படிக் கேட்டேன். பழைய ஆயிலைக் கழிவு எண்ணெய்க்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

அவர் மில்லிங் மெஷினின் அடியில் பல்லி மாதிரிப் படுத்து, உலர்ந்த கரித்தூளைப் பெருக்கி எடுத்தேன். பழைய வாயில் புடவைத் துணியில் சலித்தேன். தொட்டியில் ஒரு டம்ளர் கொட்டிக் கலக்கினேன்.

அவசரம். மாவு அதிகமாகி, பொறி ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு எரிந்து, துண்டில் கறுப்பாகக் குழி விழுந்துவிட்டது. ஒரு ஸ்டீல் வீண். எலக்ட்ரோடும் வீண். சலித்த கையைக் கழுவக் கழுவக் கறுப்பு போகவில்லை. அவர் தினமும் இந்தக் கையோடுதான் சாப்பிட உட்காருவார், நான் முகத்தைச் சுளிப்பேன்.

அக்டோபர் 8, புதன்

கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். கலக்கிவிட ஒரு சின்ன பம்ப்பை உள்ளே வைத்தேன். கரண்ட் மூன்று ஆம்பியர்.

சாயங்காலம் எடுத்துத் துடைத்தேன். டியூப்லைட் தெரிகிறது.

கூச்சல் போடலாம் என்று திரும்பினேன். ஷெட்டில் யாருமில்லை. தகட்டைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

அக்டோபர் 9, வியாழன்

நிஜத் துண்டு. இந்த முறை வேண்டுமென்றே செட்டிங்கைக் கலைத்துவிட்டு மறுபடி வைத்துப் போட்டேன். வந்தது. நம்பாமல் இன்னொன்றும் போட்டேன். அதுவும் வந்தது. பெனடிக்ட் சார் கையில் நேரிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

பெனடிக்ட் சார் மத்தியானம் கூப்பிட்டார். மைக்ராஸ்கோப்பில் வெடிப்பே இல்லையாம். "கங்கிராட்ஸ் மேடம். மோல்டு முழுக்க உங்களுக்குத்தான். எல்லா செட்டிங்கும் எழுதி அனுப்புங்க."

அவினாசிக்காரருக்குப் போன் செய்து மெஷின் விற்பனைக்கு இல்லை என்று சொன்னேன். அவர் ஒன்றும் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

பிறகு ஓசூருக்குப் போட்டேன். முதல் தடவை எடுக்கவில்லை. வேலை முடிந்து ரூமுக்கு வந்ததும் அவரே கூப்பிட்டார்.

"வந்துருச்சுங்க. ஓகே பண்ணிட்டாங்க" என்றேன். கிராஃபைட் சமாச்சாரத்தை ஒரே மூச்சில் சொன்னேன். அவர் தொட்டியில் அலசியதால்தான் முதலில் வந்தது, அவர் கழுவியதால்தான் போனது, இப்போது நானே தூளைச் சலித்துப் போட்டுக் கொண்டுவந்துவிட்டேன் என்று. செட்டிங்கில் கை வைத்தீர்களா என்று கேட்டது என் புத்தி கெட்டத்தனம் என்பதையும் சொன்னேன்.

அவர் சிரித்தார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "கெலிச்சுப்போட்டியே புள்ள. நீ உடமாட்டீன்னு எனக்குத் தெரியும்."

"ஆமாங்."

"எலக்ட்ரோடு பீளமேட்டுல வந்துருது. தூளு கடையிலயே டப்பாவுல விக்கறான், சலிக்க வேண்டியதில்ல. மெஷின் உனக்கு அத்துப்படி." பிறகு கேட்டார். "அப்ப நான் அங்க வர வேண்டியதில்லீல்ல?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். வேலை விஷயம் கேட்பது மாதிரி கேட்டார். நானும் வேலை விஷயமாகவே ஒரு நிமிடம் யோசித்துத் தொலைத்தேன். அவர் இல்லாவிட்டால் நின்றுபோகிற வேலை ஷெட்டில் ஒன்றுமே இல்லை. எலக்ட்ரோடு வெளியில். தூள் டப்பாவில். மில்லிங் மெஷின் துணி மூடிக் கிடக்கிறது.

நான் யோசித்துக்கொண்டிருந்ததை அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "சரி சரி, மெஸ்ஸுல சாப்பாட்டு மணி அடிச்சுட்டாங்க, வெக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

இத்தனை நாளாக மெஷினைக் காப்பாற்றுகிறேன் என்று மல்லுக்கு நின்றேன். மெஷின் இருந்தால் அவரும் இருப்பார் என்று நான் நினைத்தேன். மெஷின் சரியானால் தான் தேவையில்லை என்று அவர் நினைத்திருக்கிறார். ஷெட்டுக்கு அவர் வேண்டாம்தான். எனக்கு வேண்டும். இந்த ஒரு வரியை அந்த ஒரு நிமிடத்தில் சொல்லத் தெரியாமல் போய்விட்டது.

அக்டோபர் 11, சனி

பெனடிக்ட் சாரிடம் வேலையைச் செவ்வாய்க்கிழமை தொடங்குகிறேன் என்றேன். "ஏன் மேடம், அவசர வேலைன்னு சொன்னேனே?" என்றார். வீட்டில் ஒரு வேலை என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு. ஓசூர்

விடிவதற்குள் பஸ் ஏறி, சேலத்தில் மாறி, மத்தியானம் வந்து சேர்ந்தேன். யாழினி வரவில்லை. "நான் வந்தா மறுபடி என்னையவே தூது உடுவீங்க" என்றாள்.

கம்பெனி எடுத்துக் கொடுத்திருக்கும் ரூம், மூன்று பேருக்கு ஒன்று. கதவைத் தட்டினேன். பனியனோடு அவர்தான் திறந்தார். கண்ணாடி போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. பயந்துவிட்டார்.

"என்ன புள்ள, மெஷின் ரிப்பேரா?"

"இல்லீங்க. நல்லா ஓடுதுங்க."

"வேல நின்னு போச்சா?"

"அதெல்லாம் இல்லீங்க. அதைய உட்டுப்போட்டுத்தான் வந்தேன்."

அவருக்கு உடனே புரியவில்லை. உள்ளே இருந்த இருவரும் சட்டையை மாட்டிக்கொண்டு, கடைக்குப் போய் வருகிறோம் அண்ணா என்று நைசாக நழுவினார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவர் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"நீங்க இல்லாம அந்த ஷெட்டு எனக்கு ஆகலீங்க" என்றேன். அழுகை வந்தது. இங்கே கற்பூரம் எதுவும் இல்லை, அழுதுவிட்டேன்.

அவர் எதிரில் நின்றுகொண்டே இருந்தார். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எப்பத் திரும்பிப் போற?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை வேலை தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறேன். திங்கள் காலைப் பஸ்ஸுக்கு நேரம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் சொல்லவில்லை.

"நீங்க சொல்லுங்க" என்றேன்.